ஓதம் அறிந்து பாறை ஏறுதல்

நுழையும்முன்

கடல்நீர் நாள்தோறும் இருமுறை உயர்ந்து இருமுறை தாழ்கிறது. இவ்வியல்பை ஓதம் என்பர். உயர்வை ஏற்றம் என்றும் தாழ்வை வற்றம் என்றும் கடற்கரை மக்கள் வழங்குவர். உலகின் சில கரைகளில் இவ்வேற்ற இறக்கம் இரண்டு மாடி வீட்டின் உயரத்தை எட்டுகிறது. அத்தகைய கரையில் கடலை ஒட்டி நிற்கும் செங்குத்துப் பாறைகளில் ஏறுவோர், பாறையில் கை வைப்பதற்கு முன்பே தாளும் எழுதுகோலும் கொண்டு ஒரு கணக்குப் போடுகின்றனர். அக்கணக்கு எவ்வாறு போடப்படுகிறது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கடலோரப் பாறைகள்

பிரித்தானியத் தீவில், வேல்ஸ் நாட்டின் தென்மேற்கு மூலையில் பெம்புரோக்சயர் என்னும் மாவட்டம் உள்ளது. அதன் தென்கரையில் சுண்ணாம்புப் பாறைகள் சுவர்போல் நிமிர்ந்து நிற்கின்றன. செயின்ட் கோவன்ஸ் முனையும் அதனைச் சூழ்ந்த பகுதிகளும் பாறை ஏறுநரிடையே பெயர்பெற்றவை. அங்கே ஹன்ட்ஸ்மன்ஸ் லீப், அதாவது 'வேட்டைக்காரன் தாவல்' எனப்படும் ஆழ்ந்த குறுகிய பிளவு ஒன்றுண்டு. குதிரையில் வந்த வேட்டைக்காரன் ஒருவன் அதனைத் தாவிக் கடந்தானாம். பின்னர்த் திரும்பி வந்து அதன் ஆழத்தை எட்டிப் பார்த்து, அச்சத்தாலேயே இறந்தானாம். அவ்வூர் மக்கள் இக்கதையை வழிவழியாகச் சொல்லி வருகின்றனர்.

மலைப்பாறையில் ஏறுவோர் அடிவாரத்திலிருந்து தொடங்கி உச்சிக்குச் செல்வர். கடற்பாறையில் முறை மாறுகிறது. ஏறுநர் முதலில் பாறையின் உச்சியை அடைகின்றனர். அங்கே நிலத்தில் அறையப்பட்ட இரும்பு முளைகளிலோ உறுதியான பாறையிலோ கயிற்றைக் கட்டி, அக்கயிற்றின் வழியே அடிப்பகுதிக்கு இறங்குகின்றனர். அடியில் மேடைபோல் நீண்டிருக்கும் பாறைத்தட்டில் நின்று, மீண்டும் மேல்நோக்கி ஏறத் தொடங்குகின்றனர். அந்தத் தட்டு வற்றத்தின்போது உலர்ந்திருக்கும். ஏற்றத்தின்போது கடலுக்குள் மூழ்கிவிடும். ஆகவே, தட்டு எந்நேரத்தில் வெளிப்படும், எந்நேரத்தில் மறையும் என்பதை அறியாமல் இறங்குதல் உயிருக்கே இடராகும்.

ஓதம் தோன்றும் முறை

நிலவின் ஈர்ப்பு புவியின் எல்லாப் பகுதிகளிலும் ஒரே அளவில் இருப்பதில்லை. நிலவை நோக்கிய பக்கத்தில் அது மிகுதி, எதிர்ப்பக்கத்தில் குறைவு. இவ்வேறுபாட்டினால் இருபக்கங்களிலும் கடல்நீர் சற்றே பருத்து எழுகிறது. புவி தன்னைத் தானே சுற்றும்போது, ஓர் இடம் இவ்விரு பருமன்களையும் கடந்து செல்கிறது. அதனாலேயே பெரும்பாலான கரைகளில் நாளொன்றுக்கு இரண்டு ஏற்றங்களும் இரண்டு வற்றங்களும் நிகழ்கின்றன. நிலவும் புவியைச் சுற்றி நகர்வதால், அடுத்த நாள் அதே நிலை வருவதற்கு 24 மணி 50 நிமிடம் ஆகிறது. எனவே ஓத நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போகும். ஓர் ஏற்றத்திற்கும் அடுத்த வற்றத்திற்கும் இடையே 6 மணி நேரத்திற்குச் சற்று மிகுதியான காலம் செல்லும்.

கதிரவனும் கடலை ஈர்க்கிறது. அதன் ஓத விசை நிலவினுடையதில் பாதிக்குச் சற்றுக் குறைவு. அமாவாசையிலும் பௌர்ணமியிலும் நிலவு, புவி, கதிரவன் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே கோட்டில் அமைகின்றன. அப்போது இரு விசைகளும் சேர்ந்து இயங்குவதால் ஏற்றம் மிக உயர்ந்தும் வற்றம் மிகத் தாழ்ந்தும் அமையும். இதனைப் பேரோதம் எனலாம். அரைநிலவு நாள்களில் கதிரவன் நிலவுக்குச் செங்கோணத்தில் நிற்பதால் ஒன்றன் விசையை மற்றொன்று குறைக்கிறது. அப்போது ஏற்றமும் குறைவு, வற்றமும் குறைவு. இது சிற்றோதம். நீரின் பெருக்கம் விசையைப் பின்தொடர்ந்து வருவதால், இவ்விரண்டும் அந்தந்த நிலவு நாளுக்கு ஓரிரு நாள் கழித்தே பல கரைகளில் முழுமை பெறுகின்றன.

ஓதத்தின் அளவு எல்லாக் கரைகளிலும் ஒன்றன்று. சென்னைக் கடற்கரையில் பேரோத நாளிலும் ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் இடையேயுள்ள வேறுபாடு ஒரு மீட்டர் அளவே. குறுகிச் செல்லும் கழிமுகங்களில் நீர் நெருக்குண்டு மிக உயர்கிறது. இங்கிலாந்துக்கும் வேல்சுக்கும் இடைப்பட்ட பிரிஸ்டல் கால்வாயின் உட்பகுதியில் இவ்வேறுபாடு சில நாள்களில் ஏறத்தாழ 14 மீட்டரை எட்டும். பெம்புரோக்சயர் அக்கால்வாயின் வாயிற்பகுதியில் உள்ளது. அங்குள்ள மில்ஃபோர்டு ஏவன் துறைமுகத்தில் பேரோதத்தின் சராசரி ஏற்றம் 7.0 மீட்டர், வற்றம் 0.7 மீட்டர். சிற்றோதத்தின் சராசரி ஏற்றம் 5.2 மீட்டர், வற்றம் 2.5 மீட்டர்.

ஓத அட்டவணை

நிலவும் கதிரவனும் செல்லும் பாதைகள் அறியப்பட்டவை. ஆதலால் ஓதத்தை ஆண்டுக்கணக்கில் முன்கூட்டியே கணித்துவிட இயலும். 1872-ஆம் ஆண்டளவில் அறிவியலறிஞர் வில்லியம் தாம்சன், ஓதத்தைக் கணிக்கும் பற்சக்கர இயந்திரம் ஒன்றை வடிவமைத்தார். இவரே பின்னாளில் கெல்வின் பிரபு எனப்பட்டார். இந்தியத் துறைமுகங்களின் ஓதத்தைக் கணிப்பதற்கெனவே 1879-இல் இலண்டனில் மற்றோர் இயந்திரம் உருவாக்கப்பட்டது. இன்று அப்பணியைக் கணினி செய்கிறது. இந்தியக் கரைகளுக்கான ஓத அட்டவணையை இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடுகிறது.

அட்டவணையில் ஒவ்வொரு நாளுக்கும் ஏற்ற, வற்ற நேரங்களும் அவற்றின் உயரங்களும் தரப்பட்டிருக்கும். அதனைப் படிக்கும்போது மூன்று செய்திகளை நினைவிற் கொள்ள வேண்டும்.

முதலாவது, உயரம் எங்கிருந்து அளக்கப்படுகிறது என்பது. வானியல் காரணங்களால் கடல் எவ்வளவு தாழக் கூடுமோ அந்த மிகத் தாழ்ந்த மட்டத்தைச் சுழியமாகக் கொண்டே பிரித்தானிய அட்டவணைகள் அமைகின்றன. பாறைத்தட்டின் உயரத்தையும் அதே மட்டத்திலிருந்து கணக்கிட்டால்தான் இரண்டையும் ஒப்பிட இயலும்.

இரண்டாவது, அட்டவணை எந்தத் துறைமுகத்திற்கு உரியது என்பது. ஏறும் இடம் அத்துறைமுகத்திலிருந்து விலகியிருந்தால் நேரமும் உயரமும் சற்று மாறும். அவ்வேறுபாட்டைக் கூட்டியோ கழித்தோ கொள்ளல் வேண்டும்.

மூன்றாவது, எந்தக் கடிகாரம் என்பது. பிரித்தானியாவின் அச்சிட்ட அட்டவணைகள் பலவும் கிரீன்விச் நேரத்தைத் தருகின்றன. கோடைக்காலத்தில் அந்நாட்டுக் கடிகாரங்கள் ஒரு மணி நேரம் முன்னோக்கி வைக்கப்படுவதால், படிப்பவர் ஒரு மணி நேரத்தைக் கூட்டிக்கொள்ள வேண்டும். கைப்பேசிச் செயலி அதனைத் தானே கூட்டியிருக்கக் கூடும். கூட்டப்பட்டதன்மீது மீண்டும் கூட்டினால் கணக்கு ஒரு மணி நேரம் பிழைபடும். இப்பிழையின் விளைவு எவ்வளவு பெரியது என்பது பின்னர்த் தெளிவாகும்.

பன்னிரண்டில் ஒரு பங்கு

அட்டவணை ஏற்றத்தின் உச்சத்தையும் வற்றத்தின் அடியையும் மட்டும் கூறுகிறது. இடைப்பட்ட ஆறு மணி நேரத்தில் நீர் எவ்வளவு உயர்ந்திருக்கும்? இதனை மதிப்பிட மாலுமிகள் நெடுங்காலமாக ஓர் எளிய விதியைக் கையாண்டு வருகின்றனர். ஏற்றத்திற்கும் வற்றத்திற்கும் உள்ள வேறுபாட்டைப் பன்னிரண்டு பங்காகப் பிரிக்க வேண்டும். வற்றத்திற்குப் பின் முதல் மணியில் 1 பங்கும், இரண்டாம் மணியில் 2 பங்கும், மூன்றாம் மணியில் 3 பங்கும், நான்காம் மணியில் 3 பங்கும், ஐந்தாம் மணியில் 2 பங்கும், ஆறாம் மணியில் 1 பங்கும் நீர் உயரும். இறங்கும்போதும் இதே முறைதான்.

இவ்விதியிலிருந்து ஓர் உண்மை புலப்படுகிறது. முதல் மணியில் ஏறுநரின் கண்ணுக்குக் கடல் அசையாதிருப்பதுபோல் தோன்றும். அத்தோற்றத்தை நம்பி அவர் காலம் தாழ்த்தினால், மூன்றாம் மணியில் நீர் முதல் மணியைப்போல் மூன்று மடங்கு விரைவாக உயர்ந்து வரும். கடல் திடீரெனப் பாய்ந்துவிட்டதாகச் சிக்கிக்கொண்டவர் பலர் கூறுவதற்கு இதுவே காரணம்.

இவ்விதி எல்லாக் கரைகளுக்கும் பொருந்தாது. எடுத்துக்காட்டாக, இங்கிலாந்தின் தென்கரையிலுள்ள சவுதாம்ப்டனில் ஏற்றம் இரட்டை உச்சம் கொண்டு நெடுநேரம் நிலைத்து நிற்கிறது. அத்தகைய இடங்களில் அவ்விடத்திற்கென வரைந்த ஓத வளைகோட்டையே பார்த்தல் வேண்டும்.

ஒரு நாளின் கணக்கு

மில்ஃபோர்டு ஏவனின் சராசரிப் பேரோத அளவுகளைக் கொண்டு ஒரு நாளைக் கணக்கிட்டுப் பார்ப்போம். காலை 6.30 மணிக்கு ஏற்றம் 7.0 மீட்டர் எனவும், பகல் 12.40 மணிக்கு வற்றம் 0.7 மீட்டர் எனவும் கொள்க. இக்கரையில் பேரோத வற்றம் நண்பகலை ஒட்டியே அமைவது வழக்கம்.

வேறுபாடு 6.3 மீட்டர், ஒரு பங்கு ஏறத்தாழ 0.53 மீட்டர். வற்றத்திற்குப் பின் ஒரு மணியில் நீரின் உயரம் 1.2 மீட்டர். இரண்டு மணியில் 2.3 மீட்டர். மூன்று மணியில் 3.9 மீட்டர். நான்கு மணியில் 5.4 மீட்டர்.

ஏறுநர் நிற்க வேண்டிய பாறைத்தட்டு 3.0 மீட்டர் உயரத்தில் உள்ளது என்க. வற்றத்திற்குப் பின் 2 மணி 27 நிமிடத்தில், அதாவது பிற்பகல் 3.07 மணிக்கு, நீர் அத்தட்டைத் தொடும். அதேபோல் வற்றத்திற்கு முன் காலை 10.13 மணிக்குத் தட்டு வெளிப்பட்டிருக்கும். ஆக, ஏறத்தாழ 4 மணி 54 நிமிடம் தட்டு நீருக்கு மேலிருக்கும்.

ஆனால் இக்கணக்கு அலையே இல்லாத கடலுக்கு உரியது. அலையின் நீர் ஒரு மீட்டர் மேலே எழும் எனக் கொண்டால், நீர்மட்டம் 2.0 மீட்டரை எட்டும்போதே தட்டு நனையத் தொடங்கும். அப்போது பாதுகாப்பான காலம் 10.56 மணி முதல் 2.24 மணி வரை எனச் சுருங்குகிறது. ஏறத்தாழ ஐந்து மணி நேரம், மூன்றரை மணி நேரமாகக் குறைந்துவிட்டது.

மேலே கூறிய ஒரு மணி நேரப் பிழையை இங்கே பொருத்திப் பார்க்கலாம். வற்றம் 1.40 மணிக்கு என ஒருவர் தவறாகக் கொண்டால், 3.24 மணி வரை தட்டு தமக்குரியது என நம்புவார். உண்மையில் அந்நேரத்தில் அமைதியான கடலிலும் தட்டின்மீது 40 சென்டிமீட்டருக்கு மேல் நீர் நிற்கும். அதன்மேல் அலையும் அடிக்கும்.

இனிப் பயணத் திட்டம். பாறை ஏறுதலில் இருவர் ஒரு கயிற்றில் இணைந்திருப்பர். முன்னவர் ஏறும்போது பின்னவர் தட்டில் நின்று கயிற்றைப் பிடித்திருக்க வேண்டும். முன்னவர் உச்சியை அடைந்த பின்னரே பின்னவர் புறப்பட இயலும். ஆகவே, தட்டை இறுதியாக விட்டுக் கிளம்புபவரின் நேரத்தைக் கொண்டே கணக்குப் பார்த்தல் வேண்டும். 11.15 மணிக்கு இருவரும் இறங்குகின்றனர். 11.45 மணிக்கு முன்னவர் ஏறத் தொடங்குகிறார். அவருக்கு ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. 1.00 மணிக்கு அவர் உச்சியை அடைகிறார். 1.15 மணிக்குப் பின்னவர் தட்டை விடுகிறார். நீர் வருவதற்கு இன்னும் ஒரு மணி நேரத்திற்கு மேல் உள்ளது. அந்த ஒரு மணி நேரம் வீண் நேரமன்று. கயிறு சிக்கினாலும், வழி தவறினாலும், கை சோர்ந்து முன்னவர் ஓய்வெடுக்க நேர்ந்தாலும் அதிலிருந்தே எடுத்துச் செலவிட வேண்டும்.

இத்திட்டத்தில் மற்றொரு நேரமும் முன்பே குறிக்கப்படுகிறது. 12.40 மணிக்குள் ஏறத் தொடங்காவிட்டால் அன்று ஏறுவதில்லை என இருவரும் மேலே இருக்கும்போதே முடிவு செய்கின்றனர். கீழே இறங்கிய பின் முடிவெடுத்தால் ஆர்வம் கணக்கை வென்றுவிடும்.

சிற்றோதம் பாதுகாப்பானதா?

கடல் குறைவாக ஏறி இறங்கும் சிற்றோத நாளே பாதுகாப்பானது எனப் பலர் எண்ணக்கூடும். மேற்கண்ட தட்டைக் கொண்டே இதனை ஆராயலாம். சிற்றோத நாளில் வற்றத்தின் அடிமட்டமே 2.5 மீட்டர். ஒரு மீட்டர் எழும் அலையையும் சேர்த்தால் 3.5 மீட்டர். 3.0 மீட்டர் உயரத்திலுள்ள தட்டு அன்று நாள் முழுவதும் நனைந்தே இருக்கும். எந்நேரத்திலும் அங்கே இறங்க இயலாது.

மாறாக, 6.5 மீட்டர் உயரத்தில் உள்ள வேறொரு தட்டை எண்ணிப் பார்க்க. பேரோத நாளின் ஏற்றத்தில் அது மூழ்கும். சிற்றோத நாளின் ஏற்றம் 5.2 மீட்டரே, அலையைச் சேர்த்தாலும் 6.2 மீட்டர். அன்று அத்தட்டு நாள் முழுவதும் உலர்ந்திருக்கும். ஆகவே, நல்ல நாள், தீய நாள் எனப் பொதுவாகக் கூற முடியாது. எந்தத் தட்டு, எந்த நாள் என்னும் இரண்டையும் சேர்த்தே முடிவு செய்தல் வேண்டும்.

தட்டின் உயரத்தைப் பாறையே ஓரளவு காட்டிக்கொடுக்கும். மிகத் தாழ்ந்த பகுதியில் பழுப்பு நிறக் கடற்பாசிகள் அடர்ந்திருக்கும். அதற்கு மேல் வெண்புள்ளிகள்போல் சிறு கொட்டலசுகள் ஒட்டியிருக்கும். அவை உள்ள இடம் ஓதநீரில் அடிக்கடி மூழ்கும் இடம் என்பதில் ஐயமில்லை. அதற்கும் மேலே தார் பூசியதுபோல் கரிய பட்டை ஒன்று காணப்படும். அலைத்துளி படும் பகுதியில் வளரும் ஒருவகைப் பாறைப்பூஞ்சைப்பாசி அது. மஞ்சளும் சாம்பலும் ஆன பாறைப்பூஞ்சைப்பாசிகள் அதன் மேற்புறத்தில் தொடங்கும். கொட்டலசின்மீது கால் வைத்து நிற்பவர், தாம் கடலின் இடத்தில் நிற்பதை உணர வேண்டும்.

அட்டவணை சொல்லாதவை

அட்டவணை வானியலை மட்டுமே அறியும். அன்றைய வானிலையை அறியாது. வளிமண்டல அழுத்தம் ஒரு மில்லிபார் குறைந்தால் கடல்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் உயர்கிறது. சராசரி அழுத்தம் 1013 மில்லிபார். தாழ்வழுத்தத்தால் அது 983 ஆகக் குறைந்தால் நீர் 30 சென்டிமீட்டர் மிகுந்து நிற்கும். நம் எடுத்துக்காட்டில் 2.24 மணி என்ற எல்லை 2.07 மணியாகச் சுருங்கிவிடும். கரையை நோக்கிக் காற்று வலுவாக வீசினால் நீர் மேலும் குவியும்.

அவற்றினும் பெரிய இடர் நெடுந்தொலைவிலிருந்து வரும் அலை. அட்லாண்டிக் பெருங்கடலின் நடுவே வீசிய புயல், கரையை அடையாமலே ஓய்ந்துவிடலாம். அது எழுப்பிய அலைகளோ ஓரிரு நாள் பயணம் செய்து, காற்றே இல்லாத வெயில் நாளில் பெம்புரோக்சயர் பாறையில் வந்து மோதும். வானம் தெளிந்திருப்பதைக் கண்டு கடலும் அமைதியானது எனக் கொள்ளுதல் தவறு. இவ்வலைகள் கூட்டங்கூட்டமாக வருவன. சில நிமிடங்கள் சிற்றலைகளே வரும். பின்னர்ப் பேரலைகள் சில தொடர்ந்து வரும். ஆகவே, இறங்குவதற்கு முன் உச்சியில் அமர்ந்து அரைமணி நேரமாவது கடலை நோக்குதல் நன்று. மிகப் பெரிய அலை தட்டில் எதுவரை எட்டுகிறது என்பதைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

செல்லும் வழியும் தடைகளும்

சில பாறைகளுக்குக் கயிற்றில் இறங்காமல், வற்றத்தின்போது கரையோரமாக நடந்தே செல்லலாம். அங்கே கவனிக்க வேண்டிய இடம் ஏறும் பாறையன்று. வழியில் உள்ள மிகத் தாழ்ந்த இடம். பாறை மூக்கு ஒன்றைச் சுற்றிச் செல்லும் வழி முதலில் மூழ்கிவிட்டால், அப்பால் உலர்ந்த மணலில் நிற்பவர் தாம் சிறைப்பட்டதை அறியாமலேயே இருப்பார்.

தென்வேல்சில் கோவர் தீபகற்பத்தின் முனையிலுள்ள வோர்ம்ஸ் ஹெட் என்னும் தீவு இதற்குச் சான்று. அதனைக் கரையோடு இணைக்கும் பாறைப்பாதை, வற்றத்திற்கு முன்னும் பின்னும் இரண்டரை மணி நேரம் மட்டுமே திறந்திருக்கும். வேல்ஸ் நாட்டுக் கவிஞர் டிலன் தாமஸ் இளமையில் ஒருமுறை அத்தீவில் சிக்கிக்கொண்டு, அடுத்த வற்றம்வரை காத்திருக்க நேர்ந்தது. அப்பாதையில் நீர் விரைந்து பாய்வதால், நீந்திக் கடக்க முயலாமல் தீவிலேயே காத்திருத்தல்தான் உரிய வழி.

ஓதம் இசைந்தாலும் வேறு தடைகள் இருக்கலாம். பெம்புரோக்சயர்ப் பாறைகளில் கடற்பறவைகள் கூடு கட்டுகின்றன. மனிதர் அருகில் சென்றால் அவை முட்டைகளை விட்டுப் பறந்துவிடும். எனவே பறவைகள் வாழும் பாறைகள் பெரும்பாலும் மார்ச்சு முதல் ஜூலை இறுதி வரை ஏறுநருக்கு மூடப்படுகின்றன. காசில்மார்ட்டின் என்னுமிடத்தில் படைத்துறையின் சுடுபயிற்சித் திடல் உள்ளது. செங்கொடி பறக்கும் நாள்களில் அங்கே எவரும் நுழைதல் கூடாது. இவற்றையும் அறிந்த பின்னரே ஓத அட்டவணையைத் திறத்தல் முறை.

இறங்கும் வேளையும் தப்பும் வழியும்

நீர் வற்றிக்கொண்டிருக்கும்போது இறங்குக என்பது அனுபவமுடையோர் கூறும் அறிவுரை. வற்றும் நீரில் இறங்குபவருக்கு ஒவ்வொரு நிமிடமும் இடம் பெருகுகிறது. ஏறும் நீரில் இறங்குபவருக்கு ஒவ்வொரு நிமிடமும் இடம் குறைகிறது. இருவர் செய்த பிழையும் ஒன்றே ஆயினும், முன்னவர் திருத்திக்கொள்ளக் காலம் இருக்கும்.

இறங்கிய கயிற்றை உருவி எடுத்துவிடாமல் அப்படியே தொங்கவிடுதல் மற்றொரு காப்பு. எதிர்பார்த்தபடி ஏற இயலாவிட்டால், அக்கயிற்றில் சிறுகயிறுகளை முடிச்சிட்டு, அவற்றின் பிடியில் மேலேறி வந்துவிடலாம். அவ்வாறு முடிச்சிட்டு ஏறும் முறையைத் தரையில் பலமுறை பழகியிருத்தல் வேண்டும். அருகில் எளிதாக ஏறக்கூடிய வேறு வழி உண்டா என்பதையும் முன்னரே பார்த்து வைத்தல் நன்று.

பாறையின் அடியில் கைப்பேசிக்குத் தொடர்பு கிடைக்காமற் போகலாம். அலையோசையில் மேலிருப்பவரின் குரல் கீழிருப்பவருக்குக் கேட்காது. எனவே கயிற்றை இழுத்துக் குறிப்புணர்த்தும் முறையை இருவரும் முன்பே பேசிக்கொள்வர். எங்கே இறங்குகின்றனர், எத்தனை மணிக்குத் திரும்புவர் என்பதைக் கரையிலுள்ள ஒருவரிடம் கூறிச் செல்வர். குறித்த நேரத்தில் திரும்பாவிட்டால் அவர் கடலோரக் காவற்படைக்குத் தெரிவிப்பார். பிரித்தானியாவில் அதற்குரிய எண் 999. இந்தியக் கடலோரக் காவற்படையின் எண் 1554. பிரித்தானியாவில் 1824-இல் தொடங்கப்பட்ட அரச தேசிய உயிர்காப்புப் படகு நிறுவனம் இன்றளவும் பெரும்பாலும் தன்னார்வலர்களைக் கொண்டே இயங்குகிறது. ஒருவர் போடாமல் விட்ட கணக்கிற்காக, அத்தன்னார்வலர் தம் உயிரைப் பணயம் வைத்துக் கொந்தளிக்கும் கடலில் படகைச் செலுத்த நேர்கிறது.

அறியாமையின் விலை

ஓதம் அறியாமையால் நேர்ந்த பெருந்துயரம் ஒன்று இங்கிலாந்தின் வடமேற்கே மோர்கம் விரிகுடாவில் நிகழ்ந்தது. அவ்விரிகுடாவில் வற்றத்தின்போது பரந்த மணற்பரப்பு வெளிப்படும். ஏற்றத்தின்போது நீர் கால்வாய்களின் வழியே புகுந்து, மணலில் நிற்பவரை முதுகுப்புறமாகச் சூழ்ந்துகொள்ளும். அம்மணலைக் கடப்போர்க்கு வழிகாட்ட, 16-ஆம் நூற்றாண்டு முதலே அரசால் அமர்த்தப்பட்ட வழிகாட்டி ஒருவர் இருந்து வருகிறார். 2004-ஆம் ஆண்டு பிப்ரவரி 5 அன்று இரவு, அங்கே சிப்பி பொறுக்கிக் கொண்டிருந்த சீன நாட்டுத் தொழிலாளர்கள் ஏற்றத்தில் சிக்கினர். குறைந்தது 21 பேர் உயிரிழந்தனர். பிழைப்புக்காக வந்த அவர்களுக்கு அக்கரை அயலானது. அவர்களை வேலைக்கு அனுப்பியவர் ஓத நேரத்தைப் பொருட்படுத்தவில்லை. அவ்வாண்டிலேயே, கூலியாட்களை அமர்த்தி அனுப்புவோர் உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கும் சட்டம் இயற்றப்பட்டது.

பாறை ஏறுநர் தாமே விரும்பிக் கடலோரம் செல்கின்றனர். அத்தொழிலாளர்க்கு அவ்வுரிமை இல்லை. ஆயினும் இருவரையும் காப்பது ஒரே தாளில் அச்சிட்ட சில எண்களே. அவ்வெண்களைத் தெரிந்துகொள்ளவும் அவற்றின்படி 'இன்று வேண்டா' எனச் சொல்லவும் கரைக்குச் செல்லும் ஒவ்வொருவருக்கும் வாய்ப்பு இருத்தல் வேண்டும்.

நம் நாட்டிலும் இக்கணக்கு தேவைப்படும் கரைகள் உண்டு. குசராத்தின் காம்பே வளைகுடாவில் ஓத வேறுபாடு 10 மீட்டரையும் கடக்கும். பாவ்நகருக்கு அருகில் கோலியாக் கடற்கரையில் உள்ள நிஷ்களங்க மகாதேவர் கோவில் ஏற்றத்தில் மூழ்கும். வற்றத்தில் அடியவர்கள் கடற்படுகையில் நடந்து சென்று வழிபட்டுத் திரும்புகின்றனர். ஒடிசாவின் சாந்திப்பூரில் கடல் சில கிலோமீட்டர் தொலைவு பின்வாங்கி மீள்கிறது. மகாராட்டிரத்திலோ குசராத்திலோ ஒடிசாவிலோ பயிலும் மாணவர், தம் ஊரருகே உள்ள கரையின் ஓத அட்டவணையை ஒரு வாரம் தொடர்ந்து படித்து, நிலவின் வளர்தல் தேய்தலோடு ஒப்பிட்டுப் பார்த்தால், இப்பாடத்தில் கூறப்பட்டவற்றைக் கண்கூடாகக் காணலாம்.

பயிற்சி

அ. சுருக்கமாக விடையளிக்க.

1. ஓத நேரம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப்போவது ஏன்?
2. கடற்பாறை ஏறுதல், மலைப்பாறை ஏறுதலினின்று எவ்வாறு வேறுபடுகிறது?
3. காற்றில்லாத வெயில் நாளிலும் பேரலைகள் எழக் காரணம் யாது?

ஆ. கணக்கிடுக.

ஒரு நாள் ஏற்றத்தின் உயரம் 6.2 மீட்டர், வற்றத்தின் உயரம் 1.4 மீட்டர். வற்ற நேரம் பிற்பகல் 2.00 மணி. பாறைத்தட்டின் உயரம் 3.2 மீட்டர்.

1. அலையில்லாத கடலில் நீர் எத்தனை மணிக்குத் தட்டைத் தொடும்?
2. அலைக்கென 0.6 மீட்டர் விட்டுக் கணக்கிட்டால், எத்தனை மணிக்குள் தட்டைவிட்டுக் கிளம்புதல் வேண்டும்?

இ. விரிவாக விடையளிக்க.

'சிற்றோத நாளே எப்போதும் பாதுகாப்பானது' என்னும் கருத்தைப் பாடத்தில் உள்ள அளவுகளைக் கொண்டு ஆராய்க.

ஈ. எழுதிப் பழகுக.

கடற்கரைக்குச் சுற்றுலா செல்லவிருக்கும் உன் வகுப்புத் தோழர்களுக்கு, ஓதம் குறித்து அவர்கள் அறிந்திருக்க வேண்டிய ஐந்து செய்திகளை அறிவிப்பு வடிவில் எழுதுக.